படலம் முழுதும் பசுமையா?

திரை ஒளியூட்டத்தில் காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளுக்கு ஐரோப்பிய ரோஹ்ஸ் நெறிமுறை தந்திருந்த விலக்கு 2025 நவம்பர் 21-உடன் முடிந்தது. எல்இடி சில்லின் மேல் நேரே படியவைப்பதற்கு மட்டும் 2027 டிசம்பர் 31 வரை தவணை. அன்றிலிருந்து நம் இதழுக்கு வரும் கட்டுரைகளின் முன்னுரையில் ஒரே பல்லவி: காட்மியம் போகிறது, செம்பனை வெறுங்குலையில் செய்த கார்பன் புள்ளி வருகிறது.

அப்படி வராது. காட்மியப் புள்ளியின் உமிழ்வுப் பட்டை சுமார் 30 நானோமீட்டர். நம் கார்பன் புள்ளிகளுடையது அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அந்த இடத்தில் இண்டியம் பாஸ்பைடு ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. போலித்தடுப்பு மை, பசுமைக்குடில் படலம் போன்றவற்றில்தான் நமக்கு வேலை.

ஆனால் 'உயிர்மூலம்' என்ற முத்திரையை யார் சரிபார்ப்பது? வெறுங்குலையை மட்டும் நீர்வெப்ப முறையில் வேகவைத்தால் பெரும்பாலும் நீலமே மிஞ்சும். சிவப்பு வேண்டுமென்று பாரா-பினிலின்டையமினைச் சேர்க்கிறோம். அது பெட்ரோலிய வழி வந்தது. தாங்குபொருளான பாலிவினைல் ஆல்கஹாலும் பெரும்பாலும் அதே வழிதான். படலத்தில் புள்ளி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. மேலே ஏற்றினால் திரண்டு ஒளி அவிந்துவிடும். தலைப்பில் மட்டும் முழுப் பசுமை! பால்மரம் வளர்த்த சித்தியவான் பக்கத்திலிருந்தே இப்படி எழுதி அனுப்புகிறார்கள். பாலிவினைல் ஆல்கஹாலுக்கு மாற்றாகக்கூடிய எபாக்சிடேற்றிய இயற்கை ரப்பர் மலேசியாவிலேயே தயாராவது யாருக்கும் நினைவில்லை.

நிதி தருகிறவர்களும் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் 'பசுமை' என்று குறியிட ஒரு கட்டம் உண்டு. மூலப்பொருள் தொகுதிக்குத் தொகுதி மாறுவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆலை முற்றத்தில் ஒரு வாரம் மழையில் ஊறிய குலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நார் கறுத்து, பூசணம் படர்ந்து, பொட்டாசியம் கசிந்து போயிருக்கும். அன்று காலை ஆவியில் வெந்து இறங்கிய குலையும் அதுவும் ஒரே நிறம் தரும் என்று எந்த அதிகாரி எழுதிக்கொடுத்தார்? நிறமாலைமானி வாங்கக் காசு கேட்ட மறுநாளே கையெழுத்து. டயாலிசிஸ் பை கேட்டால் 'நுகர்பொருள்' என்று அடித்துவிடுகிறார்கள். சிட்ரிக் அமிலமும் எத்திலின்டையமினும் சேர்ந்தால் சிறு ஒளிர்மூலக்கூறு ஒன்று பிறப்பது 2015-லேயே தெரிந்த சங்கதி. அதை டயாலிசிஸில் வடித்து நீக்காமல் அளக்கும் குவாண்டம் விளைச்சல் யாருடையது? கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது, அவர்களுக்குக் காது கேட்கவில்லை.

ஆகவே அடுத்த இதழிலிருந்து 'உயிர்மூலம்' என்று தலைப்பிட விரும்புவோர், புள்ளிக்கு மட்டுமல்ல, முழுப் படலத்துக்கும் ஏஎஸ்டிஎம் டி6866 கதிரியக்கக் கார்பன் சோதனை முடிவை இணைக்க வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த உமிழ்வு வரைகளும், குறைந்தது மூன்று தொகுதிக் குலைகளின் தரவும் வேண்டும். இவை இல்லாத கட்டுரைகள் மதிப்பீட்டாளரிடம் போகாமலே திரும்பும்.