பிடித்தம் என்னவென்று கேளுங்கள்!

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் பிள்ளையிடம், "சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா" என்று தினமும் கேட்கிறோம். வேலை கிடைத்ததும், "சம்பளம் எவ்வளவு?" என்பதோடு சரி. அதில் என்னென்ன பிடிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

என் மகள் படிப்பு முடிந்து, மாணவர் விசாவிலேயே 'ஓ.பி.டி.' என்ற பயிற்சி அனுமதியில் அங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மாதம் 5,000 டாலர். வருமான வரி தவிர, சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் என்று மாதம் 382 டாலர் பிடித்தார்கள். நம் பணத்தில் 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! கல்விக் கடன் தவணைக்கு ஆகுமே! "எல்லாருக்கும் பிடிக்கிறாங்கம்மா, விடு" என்றாள். நான் விடவில்லை. படித்த கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொன்னேன்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு, போய் இறங்கிய வருஷத்தையும் சேர்த்து முதல் 5 காலண்டர் வருஷங்களுக்கு இந்த இரண்டையும் பிடிக்கக் கூடாதாம். 2022 ஆகஸ்டில் போனவருக்கு 2026 டிசம்பர் வரை விலக்கு உண்டு. நடுவில் எச்1பி விசாவுக்கு மாறினால், அது முதல் பிடிப்பார்கள்.

தவறாகப் பிடித்திருந்தால் முதலில் கம்பெனியிடம் கேட்க வேண்டும். தர மறுத்தால், வரி இலாகாவுக்கு 843 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். என் மகளுக்குக் கம்பெனியே திருப்பித் தந்துவிட்டது.

இதை வைத்து, வரியே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. வருமான வரி கட்டியே ஆக வேண்டும். ஏப்ரல் 15-க்குள் கணக்கும் காட்ட வேண்டும். சிநேகிதர்கள் சொன்னார்கள் என்று உள்ளூர்க்காரர்களுக்கான 1040 படிவத்தை நிரப்பக் கூடாது. இந்த 5 வருஷங்களில் நம் பிள்ளைகளுக்கு உரியது 1040-என்.ஆர். அதோடு 8843 படிவமும் வேண்டும். சம்பளமே இல்லாத வருஷத்திலும் 8843-ஐ அனுப்ப வேண்டும். இரு நாட்டு வரி உடன்படிக்கையால், அங்கத்தியவர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு இந்திய மாணவர்களுக்கும் உண்டு. இதைத் தெரியாமல் அதிக வரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"கேட்டா வேலை போயிடுமோ" என்று பல பெண் பிள்ளைகள் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். நம் பிள்ளையிடம் பிடிக்கும் அதே அளவு தொகையைக் கம்பெனியும் தன் பங்காகக் கட்டுகிறது. பிடித்தத்தை நிறுத்தினால் அவர்களுக்கும் லாபம்தானே? அப்புறம் என்ன தயக்கம்?

நகையை அடகு வைத்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்புகிறோம். விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஓடிய பெற்றோர், இதையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமே! யோசிப்பார்களா?

- ஒரு வாசகி, திருச்சி.