லாசரு என்ன பார்த்தான்?

செத்து நான்கு நாள் ஆன ஒருவன் உயிரோடு எழுந்து வந்தால் ஊரார் அவனிடம் முதலில் என்ன கேட்பார்கள்? "அங்கே என்னப்பா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பெத்தானியா ஊர்க்காரர்களும் லாசருவைச் சுற்றி நின்று இதைக் கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. கை கால் கட்டுகளோடு கல்லறையை விட்டு வெளியே வந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த அதிகாரத்தில் விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அங்கேயும் மௌனம்தான்.

லாசரு மட்டுமல்ல. யவீருவின் மகள் 12 வயதுச் சிறுமி. அவள் எழுந்ததும், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார் இயேசு. கதை அத்தோடு முடிந்துவிடுகிறது. நாயீன் ஊர் விதவையின் மகன் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினான் என்று லூக்கா எழுதுகிறார். என்ன பேசினான் என்று எழுதவில்லை! மூன்றாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனிதனைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். தன்னைப் பற்றித்தான் அப்படி மூன்றாம் மனிதனைப் போலச் சொல்கிறார் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 14 வருடம் பொத்தி வைத்திருந்த விஷயம் அது. அப்போதும், அங்கே கேட்டவை மனிதன் எடுத்துச் சொல்லக்கூடியவை அல்ல என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்.

இவ்வளவு பேர் மௌனமாக இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. காணாத உலகத்தைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது, எதன் மேல் நிற்கவில்லை என்பதற்கு இந்த மௌனமே சாட்சி.

ஆனால் இன்றைய கிறிஸ்தவர்களில் பலருக்கு இந்த மௌனம் போதவில்லை. பரலோகம் போய்த் திரும்பினேன், நரகத்தைக் கண்ணால் பார்த்தேன் என்கிற சாட்சிகள் ஒரு காலத்தில் கூட்டங்களுக்கு வெளியே குறுந்தகடுகளாக விற்றன. இப்போது யூடியூபில் ஓடுகின்றன. யார் யார் நரகத்தில் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் வாசிப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இது ஒரு தனிப் பதிப்புத் தொழிலாகவே வளர்ந்தது. விபத்தில் சிக்கிய ஒரு சிறுவன் பரலோகம் போய் வந்ததாக 2010இல் அங்கே ஒரு புத்தகம் வந்து அமோகமாக விற்றது. 2015 ஜனவரியில் அந்தப் பையனே, தான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்ன கதை அது என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கடிதத்தில் அவன் சொன்ன இன்னொரு விஷயம், படிப்பதற்கு பைபிளே போதும் என்பது. பெரியவர்களுக்குப் புரியாதது அவனுக்குப் புரிந்திருந்தது.

இயேசு சொன்ன ஒரு கதையிலேயே இந்த வியாபாரத்துக்குப் பதில் இருக்கிறது. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவான் கதை. (இதில் வரும் பிச்சைக்காரனின் பெயரும் லாசருதான், இவன் வேறு ஆள்.) செத்துப்போய் வேதனையில் கிடக்கும் பணக்காரன், தன் ஐந்து சகோதரர்களை எச்சரிக்க லாசருவை பூமிக்கு அனுப்பச் சொல்லி ஆபிரகாமிடம் கெஞ்சுகிறான். ஆபிரகாம் மறுத்துவிடுகிறார். மோசேயும் தீர்க்கதரிசிகளும் சொன்னதைக் கேட்காதவர்கள், செத்தவன் எழுந்து போய்ச் சொன்னாலும் கேட்கப் போவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். பெத்தானியாவில் நடந்ததும் அதுதான். உயிரோடு எழுந்த லாசருவைப் பார்த்து நம்பியவர்கள் உண்டு. பிரதான ஆசாரியர்களோ அவனையும் சேர்த்துக் கொன்றுவிட ஆலோசனை செய்தார்கள். கண்ணால் கண்டதால் வந்த பலன் அவ்வளவுதான்!

வெளிப்படுத்தின விசேஷத்தில் பொன் வீதியும் முத்து வாசல்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அந்த நகரத்துக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்று யோவான் எழுதுகிறார். எருசலேம் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலம் அந்த வடிவத்தில்தான் இருந்தது. பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும், அதுவும் வருடத்தில் ஒரு நாள் மட்டும் நுழைந்த அறை, ஒரு நகரத்தின் அளவுக்கு விரிந்து எல்லாருக்கும் வீடாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள். யூத வாசகனுக்கு அது சட்டென்று புரிந்திருக்கும். அதை மனைப்பிரிவு வரைபடம் மாதிரி வாசித்தால் பொன் மட்டும்தான் கண்ணில் படும்.

இன்னொரு பக்கம், காணாததைச் சாதாரண உதாரணங்களால் நிரூபித்துவிடும் ஆசை. "காற்றைப் பார்க்க முடியுமா? மின்சாரத்தைப் பார்க்க முடியுமா? ஆனால் இருக்கிறதல்லவா? கடவுளும் அப்படித்தான்!" ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பலவீனமான வாதம். காற்றை எடை போடலாம். மின்சாரத்துக்கு வீட்டுச் சுவரில் மீட்டரே இருக்கிறது. பகுத்தறிவு மேடைகள் பல தலைமுறைகளாகக் கேள்வி கேட்டு வரும் தமிழ்நாட்டில் இந்த வாதம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

இதே ஆசையில்தான் 1907இல் டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் உயிரின் எடையைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். சாகும் தறுவாயில் இருந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் ஏற்றினார். அதில் இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார். மற்றவர்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்தப் புகழ்பெற்ற 21 கிராம் கிடைத்தது ஒரே ஒருவரிடம். 2003இல் அதே பெயரில் ஹாலிவுட் படமும் வந்து, அந்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்றும் சில பிரசங்கங்களில் அது அறிவியல் ஆதாரமாக வருகிறது. யோசித்துப் பார்த்தால், 21 கிராம் எடையுள்ள ஒரு பொருள் எப்படி ஆவியாகும்? தராசில் விழுந்துவிட்டால் அது காணப்படுகிற உலகத்தைச் சேர்ந்ததாகிவிடுமே!

நிரூபணம் இல்லையென்றால் விசுவாசம் என்பது வெறும் குருட்டு நம்பிக்கையா? இங்கே தமிழ் ஒரு உதவி செய்கிறது. 'விசுவாசம்' என்ற சொல் சபைக்கு வெளியேயும் புழங்குகிறது. நன்றி விசுவாசம் என்கிறோம். எஜமான விசுவாசம் என்கிறோம். அங்கெல்லாம் ஒன்று இருக்கிறதா இல்லையா என்ற அபிப்பிராயத்தை அந்தச் சொல் குறிக்கவில்லை. ஒருவரை விட்டுப் போகாமல் நிற்பதைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் 'பிஸ்திஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலும் இந்த இரண்டாவது பொருள் உண்டு. எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை, ஆட்களைக் காட்டுகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாமலே வீட்டை விட்டுக் கிளம்பிய ஆபிரகாம் அதில் முக்கியமானவர். வாக்குக் கொடுக்கப்பட்டதைக் கையில் வாங்காமலேயே செத்துப்போனவர்களையும் அது மறைக்கவில்லை. அவர்கள் எதையும் பார்த்துவிட்டு நடக்கவில்லை. கூப்பிட்டவரை நம்பி நடந்தார்கள்.

தோமாவின் கதை தமிழ்நாட்டுக்குப் பக்கத்துக் கதை. காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற அந்தச் சீடர்தான் இங்கே வந்து, பரங்கிமலையில் கொல்லப்பட்டு, சாந்தோமில் புதைக்கப்பட்டார் என்பது மரபு. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது, இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் காணாமல் நம்புகிறவர்களே பாக்கியவான்கள் என்ற பொருளில் அவரிடம் சொல்லப்பட்ட பதில், சாந்தோம் ஆலயத்தில் இன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிற யாருக்கும் பொருந்தும்.

அடுத்தது நித்திய ஜீவன். பழைய மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லைக் கேட்டதும் முடிவே இல்லாத காலம்தான் மனதில் வருகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதை 'நிலைவாழ்வு' என்றது. மூலத்தில் இருப்பது, வரப்போகும் யுகத்துக்குரிய வாழ்வு என்ற பொருளையும் தருகிற ஒரு கிரேக்கத் தொடர். யோவான் 17:3 இதை நேரடியாகவே விளக்குகிறது: கடவுளையும் அவர் அனுப்பியவரையும் அறிவதுதான் நித்திய ஜீவன். இதில் வருடக் கணக்கே இல்லை! யோவான் 5:24 இன்னும் ஒரு படி மேலே போய், நம்புகிறவன் மரணத்தைத் தாண்டி ஏற்கெனவே வாழ்வுக்குள் வந்துவிட்டான் என்கிறது. நீளம் மட்டுமே வாழ்வு ஆகிவிடாது என்பதை, நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமானின் கதை தெரிந்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. உடம்பு ஒரு கூடு, உயிர் பறந்துபோனால் விடுதலை என்பதுதான் கிறிஸ்தவம் என்று கிறிஸ்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது பிளேட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கும் கருத்து. விசுவாசப் பிரமாணம் சொல்வது சரீரம் உயிர்த்தெழும் என்று. உயிர்த்த இயேசு பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டதாக லூக்கா எழுதுகிறார். ஆணிக் காயங்களும் அப்படியே இருந்தன. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியிலும் மனிதர்கள் மேலே போவதில்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது.

சாவு வீட்டில்தான் இந்தத் தவறு மிகவும் வலிக்கும். "விசுவாசி அழலாமா? ஆண்டவரிடம்தானே போயிருக்கிறார்!" என்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்து அவள் வாயை அடைக்கிறார்கள். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்த இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும்போது அழுதார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும், நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அழாதீர்கள் என்றுதான். அழவே அழாதீர்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நித்திய ஜீவனை நம்புகிறவனுக்கு மரணம் ஒரு எதிரி, கடைசி எதிரி என்றே பவுல் அதற்குப் பெயர் வைத்தார். எதிரி வீட்டுக்குள் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்போது, அழாதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

மறுமையை நம்பினால் இம்மையை மறந்துவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டு மார்க்ஸுக்கு முன்பே இருந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிட்டார்கள். எகிப்தின் அடிமைகளை மோசே விடுவித்த கதையை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதியை விட்டுவைத்தார்கள். சொர்க்கத்தைக் காட்டிச் சவுக்கை மறைக்க நினைத்தவர்களுக்கு முழு பைபிள் ஒத்துவரவில்லை, வெட்டத்தான் வேண்டியிருந்தது!

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் திண்டிவனத்தில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஓர் இரவு, அங்கே இருந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் வீட்டுக்கு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தார்கள். பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைக் காப்பாற்ற அந்த வீட்டுப் பெண் ஐடா வர வேண்டும் என்று கேட்டார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மருத்துவம் தெரிந்த அப்பாவை, அவர் ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பரலோகத்தை நம்பிய குடும்பம்தான் அது. கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டு ஐடா ஸ்கடர் கப்பலேறிப் போயிருக்கலாம். மிஷனரி ஆகும் எண்ணமே அவருக்கு முதலில் இருந்ததில்லை. ஆனால் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, திரும்பி வந்து 1900இல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை வளர்ந்தது அந்த வேரிலிருந்துதான். நித்திய ஜீவனை நம்பிய ஒரு பெண்ணுக்கு, மூன்று பேரின் இந்த ஜீவன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

லாசரு அதற்குப் பிறகு என்ன ஆனான்? பைபிளில் அதற்கும் பதில் இல்லை. கீழைத் திருச்சபையின் மரபு, அவன் சைப்ரஸ் தீவுக்குப் போய், இன்று லார்னகா எனப்படும் ஊரில் ஆயராக இருந்து இறந்தான் என்கிறது. அவன் கல்லறை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் 9ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இன்றும் இருக்கிறது. பீடத்துக்கு அடியில் படியிறங்கிப் போனால் பழைய கல் பேழைகளைப் பார்க்கலாம். ஒரே மனிதனுக்கு இரண்டு சாவு, இரண்டு கல்லறை. இரண்டாவது முறை அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இன்னும் கூப்பிடவில்லை என்பார்கள் கிறிஸ்தவர்கள்.