சென்சார் மீது பழி போடுமுன்

என் மனைவிக்குச் சில வருடங்களாகக் காது மந்தம். காஸ் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, விசில் மூன்றா நான்கா என்று என்னைக் கேட்பாள். நான் பேப்பரில் மூழ்கியிருப்பேன். பருப்பு குழையும், பேச்சும் தடிக்கும். அதனால் மகன் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தான். தானே சூடேறி, தானே நின்றுவிடும். சமையலறை மறுபடி அவள் கைக்கு வந்தது.

சென்ற மாதம் அது சூடேற மறுத்தது. முகப்பில் மின்னிய குறிக்கு விளக்கப் புத்தகத்தில் 'சென்சார் பழுது' என்றிருந்தது. சர்வீஸ் கடையில் போர்டையே மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்கு முக்கால் குக்கர் வாங்கலாம். இன்னொரு மெக்கானிக், "சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் ஓடும்" என்றார். இருவருமே மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். டிராக் சர்க்யூட்டில் கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்புக்குப் போகும். வண்டி தாமதமாகும், எங்களுக்குத் திட்டு விழும். ஆனால் உயிர் போகாது. குக்கரும் அதைத்தான் செய்திருக்கிறது. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொத்தானுக்குள் ஒரு தெர்மிஸ்டர் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல குக்கர்களில் 25 டிகிரியில் 1 லட்சம் ஓம். கொதிநீர்ச் சூட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தக் கணக்கு வராவிட்டால் குக்கர் சூடேற்றாது. அங்கே ரெசிஸ்டரை வைத்தால், எவ்வளவு கொதித்தாலும் ஒரே சூடுதான் என்று போர்டு நம்பிக்கொண்டிருக்கும். பிறகு வெப்ப ஃபியூஸும் வால்வும்தான் துணை. சிக்னலை ஏமாற்றி வண்டி விடுவதும் இதுவும் ஒன்றே.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவைத்து, அடித்தட்டைக் கழற்றினேன். சென்சார் வயரைக் கனெக்டரிலிருந்து எடுத்து அளந்தால், நாக்பூர் வெயிலில் சுமார் 75,000 ஓம். பொத்தானை உள்ளங்கையால் பொத்தினேன். எண் மெல்ல இறங்கியது. சென்சார் நிரபராதி! கனெக்டர் பின்களில்தான் பச்சைக் களிம்பு. உள்பாத்திரம் வைக்காமல் தண்ணீர் ஊற்றிய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. ஊற்றியது யார் என்று எழுதப்போவதில்லை; வீட்டிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவைத்து மாட்டினேன். செலவு ஏதுமில்லை.

பழக்கமில்லாதவர்கள் திறக்கவேண்டாம். ஆனால் கடையில் ஒரு கேள்வி கேட்கலாமே! வெளி மாநிலத்தில் இருக்கும் நாம், பாஷைத் தயக்கத்தில் மெக்கானிக் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறோம். "மீட்டர் லகாகே தேகா க்யா?" என்று கேட்க எவ்வளவு இந்தி வேண்டும்? தெர்மிஸ்டரே போயிருந்தாலும் அதே மதிப்புள்ளதை வாங்கி மாற்றச் சொல்லுங்கள். போர்டைவிட எவ்வளவோ மலிவு. ரெசிஸ்டர் பேச்சை எடுத்தால் குக்கரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நேற்று எங்கள் வீட்டில் வெண்பொங்கல். விசில் கணக்கு யாரும் கேட்கவில்லை.