மலிவுச் சீட்டும் மூத்தோர் பயணமும்

சென்னையிலிருந்து சிட்னி மாநகருக்கு இடைநில்லாது செல்லும் விமானம் இல்லாமையால், அங்கே மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் புறப்படும் ஒரு தாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போன்ற ஓரிடத்தில் இறங்கி விமானம் மாறியே தீரவேண்டியவராகிறார். ஆஸ்திரேலியப் பள்ளிகளின் கோடை விடுமுறை தொடங்கும் டிசம்பரைத் தவிர்த்து, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ செல்லச் சௌகரியமுள்ளவர் கணிசமான தொகையை மிச்சப்படுத்தலாம் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் பிரசவம் நாம் குறித்த மாதத்தில் வருவதில்லையே! நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. சிக்கனத்தை உத்தேசித்து இரண்டு தனித்தனிச் சீட்டுகளை வாங்கி, கோலாலம்பூரின் முதல் முனையத்தில் வந்திறங்குபவர், மலிவுக் கட்டண விமானங்கள் புறப்படும் இரண்டாம் முனையத்தை அடைவதற்கு, குடிநுழைவுச் சோதனையைக் கடந்து, சுழலும் பட்டையிலிருந்து பெட்டிகளைத் தாமே இழுத்தெடுத்து, ரயிலேறிச் சென்று, மீண்டும் எடை பார்த்து அவற்றை ஒப்படைக்க நேர்கிறது. முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலோ, அந்த இரண்டாம் விமானத்தின் நிறுவனத்துக்கு மாற்றுச் சீட்டுத் தரும் கடமை யாதொன்றும் பொதுவாக இல்லை. அந்நிய பாஷை அறியாத ஒரு முதியவரை, முழங்கால் வலியோடு, இத்தனை சிரமத்துக்கும் உட்படுத்தி மிச்சம்பிடிக்கும் சில ஆயிரம் ரூபாயை நியாயமான லாபமென்று என் மனம் ஒப்பவில்லை. சென்னையில் போட்ட பெட்டி சிட்னியில் வந்து கிடைக்கும்படி, ஒரே முன்பதிவு எண்ணில் அமைந்த சீட்டையே, தொகை சற்றுக் கூடினும், அவருக்கு வாங்கித் தாருங்கள். சக்கர நாற்காலி உதவியையும் அப்பொழுதே கேட்டுப் பதிவுசெய்து விடுங்கள்.