இரும்புப் பல்லைத் தின்னும் மணல்

அம்மி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மசாலா அரைபடாது. முன்பெல்லாம் ‘அம்மி கொத்தலையோ...’ என்று குரல் கொடுத்தபடி தெருவில் ஒருவர் வருவார். உளியால் கொத்தித் தந்துவிட்டுப் போவார். நெய்வேலி சுரங்கத்திலும் இந்தத் தேய்மானம்தான் தலைவலி. ஆனால், அங்கே தேய்வது இரும்பு!

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணை 5 கன மீட்டருக்கும் அதிகமாக அள்ளியாக வேண்டும். அதை அள்ளுவது ராட்சதச் சக்கரம். அதைச் சுற்றிலும் வாளிகள். பெரிய இயந்திரங்களில் ஒரு வாளியின் கொள்ளளவே 1,400 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டிகள் மூன்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாளியின் விளிம்பில் வரிசையாக இருக்கும் பற்கள்தான் மண்ணைக் கீறுகின்றன.

அந்த மண்ணிலோ கடலூர் மணற்கல் அடுக்கு. மணற்கல்லில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண இரும்புக்கோ 4, 5தான். அரத்தால் ராவுவதுபோல மணல் பல்லை ராவிவிடும். அதனால்தான் சக்கரம் வருவதற்கு முன்பே துளைபோட்டு, வெடிவைத்து, இறுகிய பாறையைத் தளர்த்திவிடுகிறார்கள்.

‘அப்படியானால் பல்லையே முழுக்கக் கடினமாகச் செய்துவிடலாமே?’ செய்யலாம். ஆனால், ரொம்பக் கடினமானது அடிபட்டால் உடைந்துவிடும், பீங்கான்போல. அரிவாள் அடிக்கும் கொல்லருக்கு இது தெரியும். வாய்ப்பகுதியை மட்டும் துவைச்சல் பிடிப்பார். சுரங்கத்திலும் அப்படித்தான். பல்லின் உடம்பு அடிதாங்கும் எஃகு. முனையில் குரோமியம் கார்பைடு போன்ற கடினமான பூச்சை வெல்டிங் செய்கிறார்கள். அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் புதிதாகப் பார்ப்பவர் பதறுவார். ஆனால், வெல்டர் அலட்டிக்கொள்ள மாட்டார். அந்த வகைப் பூச்சில் அது சகஜம்.

கல் உடைக்கும் கிரஷரின் தாடைக்கு வேறு வைத்தியம். 1882-ல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு அது. அடி விழ விழ அதன் மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும். அடி இல்லாமல் வெறும் உரசல் மட்டும் என்றால் அந்த வித்தை பலிக்காது.

எல்லாவற்றையும்விட மலிவான யோசனை இன்னொன்று. ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கல் விழும் சரிவில், சின்னத் தடுப்பு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். முதலில் விழும் கற்கள் அங்கேயே தங்கிவிடும். பிறகு வருபவை எல்லாம் கல்மேல்தான் விழும். தகடு தப்பித்தது!

தேய்ந்த பல்லை நேரத்தில் மாற்றாவிட்டால் தேய்மானம் வாளிக்கும் பரவும். மோட்டாரும் அதிக மின்சாரம் இழுக்கும். கழன்ற பல் மண்ணோடு போய்விட்டாலோ, கன்வேயர் பெல்ட்டை நீளவாக்கில் கிழித்துவிடும். அதனால் சுரங்க பெல்ட்டுகளின் வழியில் உலோகம் கண்டறியும் கருவி வைப்பது வழக்கம். அது சத்தம் போட்டால் பெல்ட் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் மண்ணைக் கிளறி, அந்தப் பல்லைத் தேடுவார்.