வீடு தேடி வரும் மருத்துவம்: கண்காணிப்பும் உடன் வருமா?

புதுதில்லி: மருத்துவமனைக்கு வர இயலாத நோயாளியைத் தேடி மருத்துவமே செல்வது வரவேற்கத்தக்க மாற்றம். சித்தூரை ஒட்டியுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஆந்திர அரசு 2023 ஏப்ரலில் முறைப்படி தொடங்கிய 'குடும்ப மருத்துவர்' திட்டத்தில், கிராமத்துக்கு வரும் மருத்துவர் படுத்த படுக்கையாக உள்ளவர்களை வீட்டிலேயே சென்று பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால், சிகிச்சையுடன் கிருமியும் வீடு புகாமல் தடுக்க என்ன ஏற்பாடு?

இது வீண் அச்சமன்று. இங்கிலாந்தில் 2018, 2019-ம் ஆண்டுகளில் வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களிடையே 'குரூப் ஏ ஸ்டிரெப்டோகாக்கஸ்' பாக்டீரியா 10 முறை கொத்தாகப் பரவியது. 96 பேர் கடும் தொற்றுக்கு ஆளாயினர். 28 பேர் இறந்தனர். பென்சிலினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் இது. ஆனாலும், முதியவரின் ஆறாத புண் வழியே ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிரைப் பறித்துவிடும். ஒரே நாளில் பல வீடுகளில் புண்ணுக்குக் கட்டு மாற்றும் ஊழியரின் கை, கத்தரிக்கோல், பை ஆகியவை கிருமியைச் சுமந்து செல்லக்கூடும்.

மருத்துவமனையில் ஒரே வார்டில் நால்வருக்குத் தொற்று ஏற்பட்டால் உடனே தெரிந்துவிடும். வீடுகளில் அப்படியல்ல. சித்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் காய்ச்சல் கண்ட ஒருவர் திருப்பதி ரூயா மருத்துவமனைக்கும், மற்றொருவர் ஸ்விம்ஸுக்கும், இன்னொருவர் எல்லை கடந்து வேலூர் சி.எம்.சி.க்கும் செல்லலாம். மூவருக்கும் கட்டு மாற்றியவர் ஒருவரே என்பதை யார் இணைத்துப் பார்ப்பது? சர்க்கரை நோயாளியின் காலில் புண் இருந்தது, இறந்தார் என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட தொற்றுத் தடுப்பு வழிகாட்டு நெறிகள் மருத்துவ நிலையங்களை மையமாகக் கொண்டவை. வீட்டுச் சிகிச்சைக்கும் அவற்றை விரிவுபடுத்த வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கட்டுப்பொருள், கை சுத்திகரிப்புத் திரவம், ஊழியருக்குப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. வீட்டுச் சிகிச்சைக்குப் பின் ஏற்படும் தொற்று ஒவ்வொன்றும் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நோயாளிகள் மாநில எல்லையைக் கடப்பதால், இதை ஆந்திரமோ தமிழகமோ தனித்துச் செய்ய இயலாது. மத்திய அரசே முன்வர வேண்டும்.

எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்று கணக்கிடும் அரசுகள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்றும் கணக்கிட வேண்டும். கணக்கில் வராத மரணத்தைத் தடுக்க எவராலும் இயலாது.