பெருநாள் காலைக்கு முதல் நாளே தயாராவோம்

சகோதரிகளே, பெருநாள் காலையில் குடும்பமெல்லாம் கூடியிருக்க, தாய் மட்டும் அடுப்படியில் நிற்கிறாள். பெருநாள் அவளுக்கும் உரியதே. சில வேலைகளை முதல் நாளே முடித்துவிட்டால் அவளும் எல்லோருடனும் அமர்ந்து உண்ணலாம்.

வட்டிலப்பம்

முட்டை 10, கித்துள் கருப்பட்டி 500 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 2½ கோப்பை, ஏலக்காய்த் தூள் 1 தேக்கரண்டி, சிறிது சாதிக்காய்த் தூள், கஜு.

கருப்பட்டியைச் சீவி, தேங்காய்ப்பாலில் கையால் பிசைந்து கரையுங்கள். அடித்த முட்டையைச் சேர்த்து வடிகட்டி, தூள்களைக் கலந்து, பாத்திரத்தில் ஊற்றிக் கஜு தூவுங்கள். ஆவி நீர் சொட்டாதபடி இறுக மூடி, இளந்தீயில் சுமார் 1 மணி நேரம் அவியுங்கள். ஈர்க்கால் குத்தினால் ஒட்டக் கூடாது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இறைச்சிக் கறி

தேங்காய்ப்பால் சேர்க்காமல் முதல் நாளே சமைத்து, சூடு தணிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரவு முழுவதும் அடுப்பின் மேல் விட்டால் பழுதாகிவிடும். காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து, இறக்குமுன் கெட்டிப்பால் சேருங்கள்.

இடியப்பமும் சம்பலும் காலையில் செய்தால்தான் ருசி. இடியப்பம் பிழிய மகளையும், தேங்காய் திருவ மகனையும் கூப்பிடுங்கள். பெருநாள் வேலை எல்லோருக்கும் பொதுவானது.